சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு சுரம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கிறேன். சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையை நான்கு பாக நொட்டேஷனில் பார்த்தே பழகியவன். இப்போது இளைஞர் பாடகர் குழு காஸ்பல் பாடல்களுக்குக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எழுத்துகள் மட்டும் உள்ள தாளைத் தருகிறது. அதில் ‘எஃப்/ஜி’ என்று ஒன்று. இரண்டு கார்டையும் சேர்த்து வாசித்தால் இரைச்சலாக இருக்கிறது. தவறு எங்கே?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது கார்டு அல்ல, ஒற்றை பேஸ் சுரம். வலது கையில் எஃப், ஏ, சி; கீழே ஜி மட்டும். நீங்கள் ஜி கார்டின் பி, டி இரண்டையும் சேர்த்துவிடுகிறீர்கள். பி போய் சி-யோடு உரசுகிறது. அந்த பி இல்லாததால்தான் இந்தக் கார்டு சி-யில் உடனே இறங்காமல் வாசற்படியில் நிற்கிறது. பாடகர் ஒரு வரியை இழுத்துப் பாடும்போது அந்த நிற்றல்தான் வேண்டும்.

எந்தச் சுரம் மேலே, எது கீழே என்று கார்டு எழுத்து சொல்லாது. பாமாலையில் நடுக் குரல்களான ஆல்டோவுக்கும் டெனருக்கும் இடம் எழுதியே இருந்தது. இங்கே நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். காஸ்பலில் அடிக்கடி வரும் ஒரு நடையை வாசித்துப் பாருங்கள்: எஃப், எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் செவன்த், சி/ஜி. நடு சி-க்கு மேலுள்ள ஏ, அதற்கு மேல் சி, எஃப் என்று வலது கையை வையுங்கள். அடுத்த கார்டுக்கு மேல் விரல் மட்டும் எஃப்-இலிருந்து இ ஃப்ளாட்டுக்கு இறங்கட்டும். மூன்றாவதில் ஏ ஜி-க்கு இறங்கும், இ ஃப்ளாட் இ-க்கு ஏறும். சி-யில் இருக்கும் விரல் அசையவே வேண்டாம். பேஸ் எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று படியேறும். பாமாலைக்காரருக்கு இது புதிதா என்ன?

பியானோவில் அடித்த சுரம் தானே தேய்ந்துவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை அதே பலத்தோடு நிற்கும். அதனால் கீழ்ப்பகுதியில் சுரங்களை நெருக்கினால் குழைந்த சோறுதான். ஹாமண்ட் மின் ஆர்கனில் 16 அடி டிராபாரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இழுபட்டையை) இழுத்திருந்தால் வாசிப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் ஒலிக்கும், இன்னும் மோசம்.

உங்கள் குழுவில் பேஸ் கிதார் உண்டா? வேப்பேரியில் ஒரு திருமண ஆராதனையில் கிதார்க்காரர் ஜி வாசிக்க, நான் பழக்கதோஷத்தில் இடது கையால் எஃப் ஷார்ப்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். போதகர் ஐயா திரும்பிப் பார்த்தார். மணப்பெண்ணும்தான். அதன்பிறகு பேஸ் கிதார் இருக்கும் நாட்களில் என் இடது கைக்கு டிராபாரை இழுப்பதும் தள்ளுவதும்தான் வேலை.