பழைய ஹாலோ பாடி கிட்டாரின் உடம்பு என்ன சொல்கிறது?

பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஹாலோ பாடி என்றால் உடம்பு உள்ளே கூடாக இருக்கும் கிட்டார். பிக்கப், ட்யூனர், குமிழ் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. மரத்தை அப்படி மாற்ற முடியாது. அதனால் உடம்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், 1960 கிப்சன் ஈஎஸ்-335 என்று ஒன்றை விற்கிறார்கள். கையில் படம் மட்டும்தான். முதலில் எதைப் பார்ப்பது?

கொம்புகளை, அதாவது கழுத்தின் இருபுறமும் உடம்பு நீளும் முனைகளை. 1958-ல் அறிமுகமானபோது இரண்டு கொம்பும் தடித்து உருண்டிருந்தன. சேகரிப்பவர்கள் ‘மிக்கி மவுஸ் காது’ என்பார்கள். 1963 வாக்கில் அவை மெலிந்து சற்றுக் கூராகிவிட்டன. ஆனால் படம் நேராக எடுத்ததா என்று பாருங்கள். சாய்த்து எடுத்தால் எந்தக் காதும் கூராகத்தான் தெரியும். ஃபிரெட் போர்டில், அதாவது விரல் வைத்து வாசிக்கும் பலகையில், புள்ளி இருக்கிறது என்பதற்காக மயங்க வேண்டாம். 1962-ல் புள்ளி போய்ச் சிறு கட்டங்கள் வந்தது உண்மை. ஆனால் 1981-ல் புள்ளியோடு மறுபடியும் போட்டார்கள்.

கேள்வி: என்னுடைய 335-ல் ஸ்டாப் டெயில்பீஸ் இருக்கிறது. அது முதலிலிருந்தே இருந்ததா என்று எப்படித் தெரியும்?

டெயில்பீஸ் என்பது கம்பிகளின் அடிநுனியைப் பிடிக்கும் பாகம். ஸ்டாப் என்றால் மேல்பலகையில் திருகியது, ட்ரபீஸ் என்றால் கீழ் விளிம்பில் திருகியது. 1965 வாக்கில் ட்ரபீஸ் டெயில்பீஸுக்கு மாறினார்கள். ஸ்டாப் உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் பிற்பாடு துளை போட்டு மாற்றியவர்கள் ஏராளம். கிட்டாரைத் திருப்பி, கீழ் விளிம்பில் பெல்ட் மாட்டும் பொத்தானைச் சுற்றி விளக்கடித்துப் பாருங்கள். அடைத்த திருகுத் துளைகள் தெரிந்தால் அங்கே ட்ரபீஸ் இருந்திருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அடைப்பு காலப்போக்கில் லேசாகக் குழியும். விரல் நுனிக்கே தெரியும்.

கேள்வி: கிப்சன் ஈஎஸ்-330-ம் 335-ம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

மேல்பலகையில் ஆங்கில ‘எஃப்’ வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் டார்ச் அடியுங்கள். நடுவில் மரக்கட்டை ஓடினால் 335. எதுவும் இல்லாமல் வெட்டவெளியாக இருந்தால் 330. அப்புறம் நெக்கை, அதாவது கழுத்தைப் பாருங்கள். 1959-ல் வந்த 330-ல் அது 16-வது ஃபிரெட்டருகே, அதாவது 16-வது குறுக்குக் கம்பியருகே, உடம்போடு சேரும். 1968-ல் நெக்கை வெளியே தள்ளி நீளமாக்கினார்கள்.

கேள்வி: அண்ணா, கிப்சன் எல்-5 சிஇஎஸ் என்றால் கட்டவே (கழுத்தருகே உடம்பில் வெட்டிய பள்ளம்) வளைவாகத்தானே இருக்க வேண்டும்? நான் பார்த்ததில் கூராக இருந்தது. போலியா?

அவசரப்படாதீர்கள். 1951-ல் வளைவாகத்தான் தொடங்கியது. 1960-ல் கூராக்கினார்கள், 1969-ல் மறுபடி வளைவுக்கே திரும்பினார்கள். ஆகவே கூர்முனை இங்கே கிட்டத்தட்ட ஒரு தேதி முத்திரை. ஈஎஸ்-175-ல் இந்தக் கணக்கு செல்லாது. அது 1949-ல் பிறந்ததே கூர்முனையோடுதான்.

கேள்வி: கிரெட்ச் 6120 ஒன்றில் எஃப் துளை வெறும் வரைந்த ஓவியமாக இருக்கிறது. யாரோ ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, கம்பெனியே வரைந்ததுதான்! கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரில் வந்த இந்த மாடலுக்கு முதலில் ஒற்றைக் கட்டவேயும் திறந்த துளைகளும் இருந்தன. 1962 வாக்கில் இரட்டைக் கட்டவே, ஏறக்குறைய 2 அங்குலத் தடிமன், வரைந்த துளை என்று ஆளே மாறிப்போனது. சத்தம் கூட்டும்போது ஊளையிடுவதைக் குறைக்கத்தான் மூடினார்கள். எனக்கு அது பிடிக்காது. முகத்தில் கண்ணை வரைந்த மாதிரி இருக்கிறது.

கேள்வி: உள்ளே ஒட்டிய லேபிள் எண்ணை நம்பலாமா?

நான் நம்பிக் கெட்டவன். ஒரு கடையில் 1957 லேபிளோடு ஒரு 175 வாங்கினேன். வீட்டுக்கு வந்து பல் மருத்துவர் கண்ணாடியை விட்டுப் பார்த்தால், பின்பலகையின் உட்புறம் மங்கிய மையில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண். கிப்சன் 1952 முதல் 1961 வரை தயாரிப்பு எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்தைப் பின்னிருந்து முன்னாகப் போட்டது: இசட் 1952, ஒய் 1953, இப்படியே வந்து எஸ் 1959, ஆர் 1960, க்யூ 1961. லேபிள் வேறொரு கிட்டாரிலிருந்து உரித்தது. ஓரத்தில் பசை இரண்டு நிறத்தில் இருந்ததைக் கடையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

கேள்வி: 1961-க்குப் பிந்தைய கிப்சனை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலையின், அதாவது ட்யூனர் இருக்கும் முனையின், பின்பக்கம் வரிசை எண் இருக்கும். 1960-களில் ஒரே எண்ணைப் பல வருடங்களில் திரும்பத் திரும்பப் போட்டதால் அதுவும் அரைகுறை சாட்சிதான். நட்டின், அதாவது தலையும் கழுத்தும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டின், அகலத்தை அளந்து பாருங்கள்: 1 11/16 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1965-க்கு முன், 1 9/16 என்றால் அதிலிருந்து பின்.