காபனீரொட்சைட்டு நுரை எண்ணெய் பட்டதும் உடைகிறதே, எப்படி நிலைக்க வைப்பது?

பாறைக்குள் சிக்கிய எண்ணெயைக் காபனீரொட்சைட்டு பாய்ச்சி வெளியே தள்ளும் எண்ணெய் மீட்புக்காக நுரை செய்கிறீர்கள், அளவுசாடியில் ஓரளவு நிற்கிறது, எண்ணெய் விட்டதும் போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டு மாணவர் போலும்; நுரையின் அரை ஆயுளை, அதாவது நுரை பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை, கூட்டிக் காட்டு என்று மேற்பார்வையாளர் நெருக்குகிறார் என நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நானும் இதே வேலையைத்தான் செய்தேன். சாடியில் நிற்கும் நேரத்தைத் துரத்தாதீர்கள்.

காபனீரொட்சைட்டு நைதரசனை விட ஏறத்தாழ ஐம்பது மடங்கு நீரில் கரையும். சின்னக் குமிழியில் அமுக்கம் அதிகம் என்பதால் வாயு இடையிலுள்ள மெல்லிய நீர்ப் படலத்தைக் கடந்து பக்கத்துப் பெரிய குமிழிக்குள் போய்விடும். சாடியில் நுரை சீக்கிரம் சாவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய்ப் பாறைக்குள் கதை வேறு. 31.1 பாகை செல்சியசும் 73.8 பாரும் தாண்டினால் காபனீரொட்சைட்டு வாயுவுமல்ல, திரவமுமல்ல. வெப்பநிலையை எங்கள் சித்திரை வெயிலே தந்துவிடும், அமுக்கத்துக்கு எங்கே போவது? உயர் அமுக்கக் கருவி இல்லாதவன் பேசுகிறான் என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். கருவி இல்லாமலும் பார்க்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது தண்ணீர். சுண்ணக்கல் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பது வலிகாமத்தில் குளித்த எவருக்கும் தெரியும். ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன ஒரு நாள், சோடியம் லோரைல் சல்பேற்று என்ற நுரையாக்கியைக் கிணற்று நீரில் கரைத்தேன். கரைசல் மங்கலாகி அடியில் வெள்ளையாகப் படிந்தது, நுரையும் சோர்ந்துவிட்டது. கொட்டிவிடச் சொன்னார் சேர். நான் கொட்டவில்லை. எண்ணெய்க் கிணற்று நீர் இதைவிடப் பல மடங்கு உப்பானது, அப்படியிருக்க சுத்த நீரில் எடுத்த அளவீட்டை வைத்து என்ன செய்வது? அப்புறம் அல்பா ஒலிபீன் சல்பனேற்று என்ற இன்னொரு நுரையாக்கிக்கு மாறினேன். கல்சியத்தை அது நன்றாகத் தாங்கும்.

இரண்டாவது பாறை. ஒரு குழாயில் மணற்காட்டு மணலையும் இன்னொன்றில் இடித்த சுண்ணக்கல்லையும் அடைத்து அதே கரைசலை விட்டோம். மணலில் இருந்து வடிந்ததைக் குலுக்கினால் உடனே நுரை. சுண்ணக்கல்லில் இருந்து நெடுநேரம் வெறும் தண்ணீர்தான் வந்தது. சல்பனேற்று எதிரேற்றம் கொண்டது, சுண்ணக்கல்லின் மேற்பரப்போ பெரும்பாலும் நேரேற்றம், பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் பாறை அந்த வகை என்றால் ஏற்றமில்லாத எதொக்சிலேற்று வகை நுரையாக்கிகளைப் பாருங்கள், அவற்றில் சில காபனீரொட்சைட்டிலேயே கரையும்.

இனி எண்ணெய். கராஜ் ஒன்றில் வாங்கிய பழைய என்ஜின் ஒயிலை நுரை ஓரளவு பொறுத்தது. மண்ணெண்ணெய் விட்டதும் கண்முன்னே அமர்ந்துவிட்டது. இலேசான எண்ணெய்தான் படலத்துக்குப் பெரிய எதிரி. சல்பனேற்றோடு கொஞ்சம் பீற்றெயின் சேர்த்தால், ஷம்பூவில் போடுகிறார்களே அதுதான், தாங்கும் சக்தி கூடும். சிலிக்கா நனோதுணிக்கைகள் படலத்தில் ஒட்டினால் இலகுவில் கழன்று வராது. ஆனால் மேற்பரப்பு ஓரளவாவது நீரை வெறுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்பில் திரளவும் செய்யும். நனோ என்ற பெயரைக் கேட்டதும் மயங்க வேண்டாம்.

எதை மாற்றினாலும் குழாயில் விட்டுப் பாருங்கள். பிசுக்குமை குறைந்த காபனீரொட்சைட்டு எண்ணெயைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடாமல் தடுக்கத்தானே நுரை? 1958இல் பொண்டும் ஹோல்புரூக்கும் காப்புரிமை எடுத்ததும் இதே எண்ணத்தில்தான். நுரை ஓடும்போது குழாயின் இரு முனைக்கும் இடையே அமுக்க வித்தியாசம் எவ்வளவு ஏறுகிறது என்பதே கேள்வி. உடைகிற படலத்துக்குப் பதில் நுண்துளைகளில் புதுப்படலம் பிறந்துகொண்டிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். நிதிக்கு விண்ணப்பித்தபோது “இங்கே எண்ணெயே இல்லையே” என்று திருப்பி அனுப்பினார்கள். மன்னார்ப் படுகையில் 2011இல் கண்டது இயற்கை வாயுதான், எண்ணெய் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெக்சசில் 1972இலேயே காபனீரொட்சைட்டைப் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள், படிக்க வேண்டுமென்றால் வீட்டு முற்றத்தில் எண்ணெய் ஊற வேண்டுமா? கனடாவில் இருந்து வந்த மாமா ஒருவர் கலியாண வீட்டில் எல்லார் முன்னாலும் “நுரை அடிக்கவா தம்பி இவ்வளவு படிச்சனீர்?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, உங்கள் எண்ணெய் எது, நீரில் உப்பு எவ்வளவு, பாறை மணற்கல்லா சுண்ணக்கல்லா என்று கீழே எழுதுங்கள். அது தெரியாமல் எந்தக் கலவை என்று சொல்ல முடியாது.