முறிந்த போல்ட், ஸ்டட் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பழைய எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) ஒன்று, சற்றே வெளியே நீட்டியபடி முறிந்துவிட்டது. ஈஸி அவுட் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஈஸி அவுட் என்பது, முறிந்த துண்டில் துளையிட்டு, அதற்குள் எதிர்ப்புறமாகத் திருகி வெளியே எடுக்கும் கருவி. முழு ஸ்டட்டே தாங்காமல் முறிந்த முறுக்கை, அதைவிட மெல்லிய கருவி ஒன்று தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது உள்ளே உடைந்தால், கடினப்படுத்திய அந்த எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்கவே இறங்காது. நீட்டிய முனையின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் வைப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சூட்டில் விரிய முயலும் ஸ்டட், சுற்றியுள்ள உலோகத்தால் நெருக்கப்பட்டு, ஆறும்போது சுருங்குவதால் துருவின் பிடி தளர்கிறது. செம்மை மறைந்தபின் ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். கிறீச்சென்ற ஒலி எழுந்தால் எண்ணெய் விட்டு, ஒருமுறை முடுக்கிவிட்டு மீண்டும் தளர்த்துங்கள். நட்டு பிய்ந்து வந்தாலும் இன்னொன்றை வையுங்கள். அந்தச் சூடு வீண்போவதில்லை.

கேள்வி: ஸ்டட் இருப்பது அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) என்றால், அதைச் சூடாக்கலாமா?

பதில்: சூடாக்கலாம். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், ஸ்டட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்க வேண்டும். ஆனால், தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே இளகிவிடும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது என்பதால், சுடரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். எண்ணெயையும் எரிபொருளையும் முன்னதாகவே துடைத்துவிடுங்கள்.

கேள்வி: எண்ணெய் ஊற எவ்வளவு நேரம் விட வேண்டும்?

பதில்: ஓர் இரவு.

கேள்வி: எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் துளைக்குள்ளேயே முறிந்துள்ளது. டிரில் ஒருபக்கமாக ஓடுகிறது.

பதில்: முறிந்த முகம் மேடுபள்ளமாக இருப்பதே காரணம். அதைச் சமன்செய்து, சரியான நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்குங்கள். இடப்பக்கம் சுழலும் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். துளையிடும்போதே சில போல்ட்டுகள் கழன்று வந்துவிடுகின்றன. வராவிட்டால் 6.5 மி.மீ. வரை பெரிதாக்கி நிறுத்துங்கள். துளை நடுவில் அமைந்திருந்தால், மிஞ்சிய மரை மெல்லிய கம்பிச்சுருளாக நிற்கும். கூர்முனையால் நெம்பி அதை உருவிவிட்டு, எம்8 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்யலாம். மரை சேதமாகியிருந்தால் ஹெலிகாயில் (புதிய மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போடுங்கள். அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.