ஒரு மாணவர் எழுதிக் கேட்கிறார்: பாடமாக இருக்கும் திரைப்பட ரசனை பேப்பருக்கு நிறையப் படம் பார்த்தால் போதுமா?

போதாது. இந்தப் பேப்பரில் மார்க் போவதே கதைச்சுருக்கம் எழுதுவதால்தான். கதை என்ன என்பது பேப்பர் திருத்தும் ஆசிரியருக்கும் தெரியும். அந்தக் காட்சியை ஏன் அப்படி எடுத்தார்கள் என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

ஏதாவது 3 நிமிடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சாதாரணமாகப் பாருங்கள், அடுத்து ஒலியை அணைத்துவிட்டு, பிறகு திரையை மூடிவிட்டுக் காதால் மட்டும். அதன்பின் நோட்டில் கட்டம் போடுங்கள்: ஷாட் (இடையில் வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு) எண், எத்தனை விநாடி, தூரத்திலிருந்து எடுத்த லாங்கா, நடுத்தரத் தூரத்து மிட்டா, நெருக்கமான க்ளோஸ்-அப்பா, கேமரா நகர்கிறதா, என்ன சத்தம் கேட்கிறது. கணினியில் படம் பார்க்கும் விஎல்சி பிளேயரில் 'E' விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகரும். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், அதாவது கட், தப்பாது. ஒரு ஷாட் சராசரியாக 5 விநாடி என்றால் 36 வரி வரும். அதில் மற்றதைவிட நீளமான ஷாட் எது, அங்கே ஏன் வெட்டாமல் விட்டார்கள்? கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.

பழகுவதற்கு 1925-இல் வந்த சோவியத் மௌனப் படமான 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்'-இன் ஒடெசா படிக்கட்டுக் காட்சி நல்லது. படிகளில் ஓடி இறங்க ஆகும் நேரத்தை இயக்குநர் ஐசென்ஸ்டைன் வெட்டி வெட்டியே நீட்டியிருப்பார். மௌனப் படம் என்பதால் பின்னணி இசை பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதை நம்பி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்கிறீர்கள். மலையாளம் வாசிக்கத்தான் தடுமாற்றம், பேச்சு புரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது போதும், ஒரு வகையில் வசதியும்கூட. மலையாளப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். குரல் மாறுவதோடு போகாது, சுற்றுப்புறச் சத்தமும் பல நேரம் மாறிவிடும். ஒலியைப் பற்றி எழுதுவதெல்லாம் தப்பாகும். சப்டைட்டிலையும் அணைத்துவிடுங்கள், கண் திரையின் அடியிலேயே கிடக்காது.

எல்லாரும் கோட்டைவிடுவது இன்னொன்று. 4:3 அளவில் (அகலம் 4, உயரம் 3 என்ற விகிதம்) எடுத்த பழைய படங்களை டிவிக்காக 16:9-க்கு வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். அகலத்திரைப் படமென்றால் பக்கவாட்டில் போகும். திரையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அப்படி வெட்டிய பிரதியை வைத்து எழுதினால் அத்தனையும் வீண். தலைகள் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள், வேறு பிரதி தேடுங்கள்.

பெரிய திரையில் முழு அளவில் பார்க்க, திருவனந்தபுரத்தில் வழக்கமாக டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போகலாம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. பாஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், பதிவு திறந்ததுமே போட்டுவிடுங்கள்.