1950களின் காருக்கு லாக்கர் பெயிண்ட்டை வீட்டிலேயே அடிக்கலாமா?

கேரேஜில் நிற்கும் 1950களின் காருக்கு அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரையே உங்கள் கையால் அடிக்கலாமா, அல்லது ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இன்றைய 2கே பெயிண்ட்டுக்குப் போய்விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் வைத்து நீங்களே அடிப்பதாக இருந்தால் லாக்கர்தான் என்பது என் பதில். பழைமைப் பற்றினால் இதைச் சொல்லவில்லை. வீட்டில் கிடைக்கும் தூசும் தடுமாற்றமும் நிறைந்த சூழலில், எந்தக் கட்டத்திலும் திருத்திக்கொள்ள இடம் தருகின்ற கார் பெயிண்ட் அதுதான்.

1920களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சுகளே அடிக்கப்பட்டன. அவை காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு அடிக்கத் தொடங்கியதும் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. லாக்கர் காய்வதில் வேதிவினை எதுவும் இல்லை. அதைக் கரைத்து இளக்கும் தின்னர் ஆவியாகிறது, பிசின் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். நகப்பூச்சும் பெரும்பாலும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். அதை அழிக்கும் திரவம் பட்டவுடன் எத்தனை நாள் பழையதானாலும் கரைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். காரின் மேல் இருக்கும் லாக்கரும் அப்படியே, எப்போது வேண்டுமானாலும் தன் தின்னரில் கரையும்.

இந்தக் குணத்திலிருந்துதான் அதன் நன்மைகளும் தொல்லைகளும் வருகின்றன. புதிதாக அடிக்கும் கோட் பழைய கோட்டைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடுவதால், பூச்சி ஒட்டிய இடத்தையோ பெயிண்ட் வழிந்த இடத்தையோ உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடித்தாலும் ஓரம் தெரியாது. 2கே பெயிண்ட் ஹார்டனருடன் வினைபுரிந்து இறுகுவது. அதில் இத்தகைய ஒட்டு வேலை எளிதில் மறைவதில்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருப்பது இன்னும் முக்கியமான காரணம். அது நுரையீரலுக்குள் போனால் நிரந்தர ஆஸ்துமாவே வரக்கூடும் என்பதால், வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. வீடுகளில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. (லாக்கருக்கு அடியில் 2கே வகைப் பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, போட்டால் இந்த ஆபத்து பின்வாசல் வழியாக வந்துவிடும். ஆகவே பிரைமர் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதையும் படித்துவிடுங்கள்.)

ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன், காரின் மேல் இப்போது இருப்பது எந்தப் பெயிண்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் படாத ஓர் இடத்தில், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அது லாக்கர். சுருங்கிக் கொப்புளித்தால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் பெரும்பாலும் 2கே. எனாமலின் மேல் நேரடியாக லாக்கர் அடித்தால், லாக்கரின் வீரியமான தின்னர் அதைக் கிளப்பிவிட்டு முழுப் பரப்பையும் சுருக்கிவிடும். இடைப்பூச்சு அடித்துத் தடுக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, தகடு வரை உரித்துவிடுவதே நிம்மதி. பழைய லாக்கரே தடித்துப் போயிருந்தாலும் அதன் மேல் மேலும் ஏற்றாமல் உரித்துவிடுங்கள், ஏனென்றால் கனமான லாக்கர் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும். அந்தக் காலத்துப் பெயிண்ட்டுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாமல், நீர் விட்டோ உரிப்பான் பூசியோ எடுப்பது நல்லது.

பட்டி வைத்துப் பிரைமர் அடித்த பிறகு நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் தேய்ப்பதுதான். லாக்கர் எதையும் மறைத்துத் தராது. பிரைமரில் உள்ள உப்புத்தாள் கீறல்களைத் தின்னர் முதலில் உப்பவைத்து மூடிவிடும். அன்று பளிங்கு போலத் தெரியும் பரப்பு, சில வாரங்களில் வற்றியதும் அதே கீறல்களை வரிவரியாகக் காட்டும். எனவே 600 எண்ணுக்குக் குறையாத உப்புத்தாளால் (எண் கூடினால் தாள் நைசாகும்) நீர் விட்டுத் தேய்த்து முடித்து, சில நாள் காயவிட்டு, அதன்பிறகே நிறத்துக்குப் போக வேண்டும்.

பெயிண்ட்டும் தின்னரும் பொதுவாகச் சம அளவில் கலக்கப்படுகின்றன. கடைசி கோட்டுகளில் தின்னரைச் சற்றுக் கூட்டுவார்கள். ஆனாலும் டப்பாவில் போட்டிருக்கும் அளவே இறுதியானது. கன்னைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் இணையாக நகர்த்தி, முந்தைய வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி அடித்து, கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விட வேண்டும். கலவையில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் தின்னரே என்பதால் ஒரு கோட் விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. பின்னால் தேய்த்துப் பாலிஷ் செய்வதற்கும் கனம் வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்து ஆறு முதல் எட்டுக் கோட் வரை அடிப்பது வழக்கம்.

ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து, ஈரப் பெயிண்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். கரு நிறப் பானட்டில் இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: அடித்த சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து சாம்பல் கலந்த பால் நிறம் பரவி, கறுப்பையே மூடிவிடும். பதற்றப்பட்டு அதன் மேலேயே மேலும் நிறத்தை அடிக்க வேண்டாம். வானிலை தெளிந்த பிறகு, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய சாரலாகத் தூவினால் பரப்பு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நிறம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இனி நெருப்பு. ஐசோசயனேட் இல்லை என்பதால் லாக்கர் சாது என்று எண்ணிவிடக் கூடாது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் எரியும் வாட்டர் ஹீட்டர் சுடரையும் தேடிப் பிடிக்கும். சாதாரண மின்விசிறியின் மோட்டாரிலும் சுவிட்சிலும் எழும் பொறியே போதும் என்பதால், ஆவியை வெளியே இழுக்கும் விசிறி தீப்பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் வெளியே நிற்க வேண்டும். தரையில் படியும் உலர்ந்த தூளும் மிக எளிதில் பற்றக்கூடியது. அதை நீர் தெளித்துக் கூட்டி, பெயிண்ட் துணிகளுடன் நீர் ஊற்றிய மூடியுள்ள உலோக வாளியில் போடுங்கள். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது, கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடிதான் வேண்டும். வீட்டோடு ஒட்டிய கேரேஜில் இவற்றுக்கு வழியில்லையென்றால் அங்கே அடிக்காமல் இருப்பதே சரி.

அடித்து முடித்தபின் மூன்று நான்கு வாரமாவது விட்டுவிடுங்கள். பிறகு சோப்பு கலந்த நீர் விட்டு 1200, 1500, 2000 என்ற வரிசையில் தேய்க்கும்போது பரப்பு முழுவதும் ஒரே மங்கலாக வர வேண்டும்; இடையில் மின்னும் சிறு புள்ளிகள் தாள் தொடாத பள்ளங்கள், அவை மறைந்தால் போதும், அதற்கு மேல் தேய்க்காதீர்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் படலம் மெலிந்திருப்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது உத்தமம். அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால், அக்காலத்துக் கார்களுக்கே உரிய ஆழமான, சற்று மென்மையான பளபளப்பு எழும்.

தினமும் ஓடி வெயிலிலேயே நிற்கும் காராக இருந்தால் என் பதில் மாறும்: பெயிண்ட் கூடத்தில் கொடுத்து 2கே அடித்துக்கொள்ளுங்கள். லாக்கர் வெயிலில் மங்கும், கல் பட்டால் சில்லு பெயரும், பெட்ரோல் சிந்தினால் கறை பிடிக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி இத்தகைய தின்னர் மிகுந்த பெயிண்ட்டுகளைக் கட்டுப்படுத்தினாலும், வரலாற்று மதிப்புள்ள பழைய வாகனங்களுக்குக் குறைந்த அளவில் உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. மிஞ்சும் பெயிண்ட்டை, நிறக் குறியீட்டையும் நீங்கள் கலந்த தின்னரின் வகையையும் எழுதி ஒட்டி, இறுக மூடி வையுங்கள். பிறகு ஒரு சில்லு பெயர்ந்தால் மெல்லிய தூரிகையால் அதையே சொட்டுச் சொட்டாக நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்துவிடலாம்.