குழாய்ப் பட்டறை – கடிதம்

ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் பித்தளைத் தண்ணீர்க் குழாய் வார்க்கும் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொட்டகையில் தொடங்கி ஆலை வரை வளர்ந்ததற்கு உழைப்புதான் காரணம் என்கிறீர்கள். இங்குள்ள இந்தியர்கள், நம்மவர் எல்லாரும்தானே உழைத்தார்கள்? இவர்கள் மட்டும் எப்படி மேலே வந்தார்கள்?

– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. உழைப்பு என்ற ஒரே சொல்லில் நான் முடித்திருக்கக் கூடாது. கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவர்களைவிட யார் அதிகம் உழைத்துவிட்டார்கள்?

அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிட்டது கைத்தொழில். அதுவும் சட்டம் மறித்த தொழில். 1922-ல் வந்த தொழில்பழகுநர் சட்டம் கைத்தொழில் பழகச் சேர ஆறாம் ஸ்டாண்டர்டு (எட்டு வருடப் படிப்பு) முடித்திருக்க வேண்டும் என்றது. நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடமே எட்டவில்லை. 1956-ல் இன்னொரு சட்டம் எந்த வேலை எந்த இனத்தாருக்கு என்று ஒதுக்கவே வழி செய்தது. அந்தக் குடும்பத்துத் தாத்தா ஒரு வார்ப்பாலையில் கூட்டிப் பெருக்கும் கூலி. மணலில் அச்சு எடுப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றார். ராத்திரியில் வீட்டுப் பின்கட்டில் மகன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சான்றிதழ் எதுவும் இல்லை.

உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. அறுபதுகளில் நம்மவர்களைப் பழைய இடங்களிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள் அல்லவா? அந்த வீடுகளில் குழாய் ஒழுக ஆரம்பித்ததும் மாற்றுக் குழாய் கேட்டு ஹார்ட்வேர் கடைகளுக்கு ஆள் வந்தது. இவர்களுடைய முதல் வியாபாரம் அப்படித்தான்.

போன மாதம் மறுபடி போய் நின்று பார்த்தேன். உலோகம் உருக்கும் மூசையிலிருந்து பித்தளையை ஊற்றும்போது துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழுகிறது. குடும்பத்துப் பெரியவர் அந்தப் புகையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுகிறார். துத்தநாகம் கூடிப்போனால் தண்ணீரே அதைத் தின்றுவிடுமாம். மஞ்சள் போய்ச் செம்பு நிறத்தில் பொரபொரவென்று ஆகி, ஒரு நாள் குழாய் கழுத்தோடு முறியும். மலிவுச் சரக்கு பல இப்படித்தான் போகிறது.

அப்புறம் சோதனை. ஒவ்வொரு குழாயிலும் காற்றை அடைத்துத் தொட்டியில் முக்குகிறார்கள். ஒரு குமிழி வந்தாலும் அது திரும்ப மூசைக்குத்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊரில் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லை. அப்போதும் தொட்டியில் கலங்கிக் கிடந்த பழைய தண்ணீரிலேயே முக்கிப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் வெளியே அனுப்பினார்கள்.