சூஜோ பட்டு ரஜாய்: உள்ளே இருப்பது பட்டுதானா?

கேள்வி: மூன்று வாரம் முன்பு குழுவாகச் சீனச் சுற்றுலா போய் வந்தோம். சூஜோவில் கைடு ஒரு பட்டு ஆலைக்கு அழைத்துப் போனார். ஊறிய பட்டுக்கூட்டை விரித்து, நாலு பேர் இழுத்துக் காட்டினார்கள். ஆசைப்பட்டு ஒரு ரஜாய் வாங்கிவிட்டேன். பாலியஸ்டர்தான் என்கிறான் மகன். எப்படிக் கண்டுபிடிப்பது? - ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் பார்த்த வேலை நிஜமான வேலை. சில சமயம் இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூடு கட்டிவிடும். அந்த இரட்டைக் கூட்டில் இழைகள் சிக்கிக் கிடப்பதால் சீரான நூல் எடுக்க வராது. அதனால் வேகவைத்துப் பசையை நீக்கி, ஈரத்தோடு ஒரு சின்ன வில்லில் விரித்து மாட்டுவார்கள். காய்ந்ததும் நாலு மூலையையும் பிடித்துக் கட்டில் அகலத்துக்கு இழுத்து, சிலந்தி வலை போன்ற அந்தப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சூஜோ, ஹூஜோ, ஹாங்ஜோ வட்டாரத்துக்கு இது வழிவழியாக வந்த தொழில். ஆனால் கண்ணெதிரே இழுத்த பட்டுதான் உங்கள் பைக்குள் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

ரஜாயின் ஓரத்தில் சிறு ஜிப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையை நன்றாக உள்ளே விட்டு நடுவிலிருந்து கொஞ்சம் இழை எடுங்கள். மேலே இரண்டு படலம் பட்டு, நடுவில் பாலியஸ்டர் என்று நிரப்பியதை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். எடுத்த இழையை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். ஜிப் இல்லையென்றால் தையலைப் பிரிக்காதீர்கள், திருப்பிக் கொடுப்பது சிக்கலாகிவிடும்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. ஓக் இலை தின்னும் புழுவின் டஸ்ஸார் பட்டும் இதே மாதிரிதான் எரியும், இதே நாற்றம்தான் வரும். அதுவும் அசல் பட்டுதான், போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் மல்பெரி இலை தின்னும் புழுவின் வழக்கமான பட்டைவிட இழை தடிமன், விலை குறைவு. அதை வெளுத்து, மல்பெரிப் பட்டு என்று சொல்லி மல்பெரி விலைக்கு விற்பதுதான் மோசடி. இதற்கு லேபிளைப் பாருங்கள். இரண்டு பட்டின் பெயரும் மூன்று சீன எழுத்து, கடைசி இரண்டும் ஒன்றே. முதல் எழுத்தில் மட்டும் வித்தியாசம். மரத்தைக் குறிக்கும் வடிவம், அதாவது கூட்டல் குறிக்குக் கீழே இரண்டு சாய்ந்த கால்கள், அந்த எழுத்தின் அடியில் இருந்தால் மல்பெரி. இடப்பக்கம் ஒட்டி நின்றால் ஓக். அதன் அருகே சதவீதத்தையும் பாருங்கள். பாதி பட்டு இருந்தாலே கலப்புப் பட்டு ரஜாய் என்று விற்கச் சீனத் தரவிதி இடம் தருகிறது. அப்படியொரு விதி இருக்கும்போது, 'கலப்பு' என்ற சொல்லை விழுங்கிவிட்டு விற்பவனுக்கு என்ன பயம்?

எடையிலும் ஏமாற்றுவார்கள். சீனத்து 'ஜின்' 500 கிராம்தான். நாலு ஜின் என்றால் இரண்டு கிலோ. உறைத்துணியையும் சேர்த்துச் சொன்ன எடையா, பட்டின் எடை மட்டுமா என்று லேபிளில் பாருங்கள்.

கைடு உங்களை அங்கே அழைத்துப் போனது பெரும்பாலும் கமிஷனுக்காகத்தான். சுற்றுலாக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, கடையில் வசூலித்துவிடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் 2013 அக்டோபரில் சீனாவில் சுற்றுலாச் சட்டமே வந்தது. அதன் 35-வது பிரிவுப்படி, இப்படிக் கமிஷனுக்காகக் கடைக்குக் கூட்டிப்போயிருந்தால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லியும், கடை தரும் வரை காத்திராமல் பணத்தை முன்கூட்டியே தரச் சொல்லியும் சுற்றுலா ஏஜென்சியிடம் கேட்கலாம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இங்குள்ள ஏஜென்ட் 'அங்கே கேளுங்கள்' என்பார், அங்குள்ளவர் 'இங்கே கேளுங்கள்' என்பார், அதற்குள் 30 நாள் ஓடிவிடும். இப்படி எத்தனையோ பேர் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் மீதம். ரசீது, லேபிள், எரித்த இழையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, இரண்டு ஏஜென்சிக்கும் ஒரே மின்னஞ்சலாக இன்றே அனுப்புங்கள். போனில் பேசி முடித்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.